ராஸ்பெரி பையில் புதுப்பிப்பு எச்சரிக்கை: எதைத் தீர்ப்பது, எதை விடுவது?

எங்கள் வீட்டில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினிகள் இரண்டு ஓடுகின்றன. ஒன்று 1 ஜிபி நினைவகம் உள்ள பை 3. வீட்டு வைஃபையில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் அதில் இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியின் அளவை வரைபடமாகக் காட்டும் ஒரு மென்பொருளும் அதில்தான். இன்னொன்று பை 4, படங்களும் காப்புப் பிரதிகளும் வைக்க. இரண்டுக்கும் திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. மாதம் ஒருமுறை லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைந்து ‘ஆப்ட் அப்டேட்’, அப்புறம் ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என்று தட்டுவேன். ஆப்ட் என்பது மென்பொருள்களை இறக்கிப் புதுப்பிக்கும் கருவி. முடிந்ததும் வெளியே வந்துவிடுவேன்.

பையின் ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் புக்வோர்ம் பதிப்பு போட்டதிலிருந்து பை 3 ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு வரியைச் சொல்லிவிட்டுத்தான் முடிக்கும். ராஸ்பியன் களஞ்சியத்தின் கீ பழைய ‘டிரஸ்டட்.ஜிபிஜி’ கீரிங்கில் இருக்கிறது, ஆப்ட்-கீ கையேட்டைப் பார் என்று அதற்கு அர்த்தம். களஞ்சியம் என்றால் மென்பொருள்களை இறக்கும் இடம். கீ என்றால் அவை அங்கிருந்துதான் வந்தன என்று சரிபார்க்கும் அடையாளம், கீரிங் என்றால் கீக்களின் தொகுப்பு. வரிக்கு முன்னால் ‘டபிள்யூ’ என்று ஓர் எழுத்து. எச்சரிக்கைதான், பிழை இல்லை. புதுப்பிப்பு என்னவோ ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதனால் நான் எதுவும் செய்யவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் தொட்டி மென்பொருளில் ஏதோ தகராறு. பதிப்பைப் பார்த்தால் வெகு காலமாக அது புதுப்பிக்கப்படவே இல்லை. லேப்டாப் திரையை மேலே நகர்த்தி ஆப்ட் சொன்னதை நிதானமாகப் படித்தேன். வழக்கமான அந்த வரிக்குக் கீழே இன்னொரு ‘டபிள்யூ’ வரி. இந்த மென்பொருளைத் தரும் வெளிக் களஞ்சியத்தின் கீ காலாவதியாகிவிட்டது, பழைய பட்டியலையே வைத்து ஓட்டுகிறேன் என்று ஆப்ட் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. ‘அது எப்போதும் வரும் வரிதானே’ என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

இங்கேதான் சிக்கல். ஆப்ட் ‘இ’ என்று போட்டால் பிழை, ‘டபிள்யூ’ என்றால் எச்சரிக்கை, ‘என்’ என்றால் வெறும் அறிவிப்பு. கேட்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் கீ இருக்கும் இடம் பழையது என்பதும் ‘டபிள்யூ’, உனக்கு இனி புதுப்பிப்பே வராது என்பதும் ‘டபிள்யூ’. முதலாவது தொந்தரவு இல்லாதது, இரண்டாவது பாதுகாப்புப் பிரச்சினை. ஆக, எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற முதல் வழியை நானே சோதித்துப் பார்த்து முடித்துவிட்டேன். ஒரே ஒரு வரிதான் வருகிறது, அது என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றால் விடலாம். என்னைப் போல அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு ஆகாது.

மற்ற வழிகளை எடைபோடுவதற்கு முன், ஆப்ட் எதை வைத்து நம்புகிறது என்று பார்த்துவிடலாம். பை இறக்கும் பேக்கேஜ்களில், அதாவது மென்பொருள் பொதிகளில், பெரும்பகுதி மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி வழியாகவே வருகிறது. நடுவில் யாரும் பார்க்கலாம், மாற்றவும் முயலலாம். காப்பது கையெழுத்து ஒன்றுதான். களஞ்சியம் தன் பட்டியலில் கையெழுத்திட்டு அனுப்புகிறது. அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு பேக்கேஜின் செக்சமும், அதாவது ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்ணும், கிடைக்கும். வங்கியில் கணக்கு திறக்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி வைப்பார்களே, அந்த அட்டைதான் நம் பையில் இருக்கும் கீ. வந்த கையெழுத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆப்ட் உள்ளே விடுகிறது.

பழைய முறையில் எல்லா அட்டைகளையும் ஒரே கட்டாகக் கட்டி டிரஸ்டட்.ஜிபிஜி என்ற ஒற்றை ஃபைலில் வைத்தார்கள். எந்த அட்டை எந்தக் கணக்குக்கு என்று குறிப்பு கிடையாது. கட்டுக்குள் அட்டை இருந்தால் போதும், யாருடைய கணக்கின் காசோலையிலும் கையெழுத்துப் போடலாம். தொட்டி அளவு பார்க்க நான் சேர்த்த அந்த வெளிக் கீ திருட்டுப் போனால், அதை வைத்து ஒருவர் அடிப்படை ஓஎஸ்ஸின் பட்டியலிலேயே கையெழுத்திட்டு நடுவழியில் நுழைக்கலாம், ஆப்ட் மறுக்காது. ஆப்ட்-கீ என்ற கமாண்ட் பல ஆண்டுகள் இப்படித்தான் கட்டில் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 2020இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸியில், அந்தக் கமாண்டே இல்லை. இணையத்தில் கிடக்கும் பழைய வழிகாட்டிகளில் பாதி இன்னும் அதையே தட்டச் சொல்கின்றன என்பது தனிக் கதை.

சரி, வெளியிலிருந்து எதையும் சேர்க்காத புத்தம் புதிய 32 பிட் புக்வோர்மிலும் இந்த வரி ஏன் வந்தது? அதற்கு 2012க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வந்த முதல் பையின் செயலி ஏஆர்எம்வி6 வகை. டெபியனின் ‘ஆர்ம்எச்எஃப்’ என்ற 32 பிட் பதிப்புக்கு ஏஆர்எம்வி7 வேண்டும். அதற்குக் கீழே உள்ள பதிப்பைப் போட்டால் முதல் பையின் தசமக் கணக்குப் பகுதி சும்மா கிடக்கும். மைக் தாம்சனும் பீட்டர் கிரீனும் டெபியன் பேக்கேஜ்களை அந்தச் செயலிக்கு ஏற்றபடி திரும்பக் கம்பைல் செய்து ராஸ்பியன் என்ற தனிக் களஞ்சியமாக ஆக்கினார்கள். இன்றைக்கும் 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் அடிப்படைப் பேக்கேஜ்களை அங்கிருந்து எடுக்கிறது. 64 பிட் ஓஎஸ் நேரே டெபியனிடம் போகிறது. டெபியனின் கீ உரிய இடத்தில் இருந்தது. ராஸ்பியனின் கீ பழைய கட்டில் இருந்தது. அதனால்தான் 32 பிட் ஓடும் என் பை 3 முணுமுணுத்தது, 64 பிட் ஓடும் பை 4இன் அடிப்படைக் களஞ்சியங்கள் வாயைத் திறக்கவில்லை.

இனி வழிகள்.

எல்லோரும் சொல்லும் குறுக்குவழி, அந்த ஒற்றை ஃபைலை அப்படியே பக்கத்திலுள்ள ஃபோல்டருக்குள் நகர்த்துவது. ஃபோல்டரின் பெயரும் டிரஸ்டட்.ஜிபிஜிதான், கடைசியில் புள்ளி வைத்து ஒரு ‘டி’ மட்டும் கூடுதல். ஒரே கமாண்ட், ஐந்து நொடி, வரி காணாமல் போய்விடும். ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். அட்டைக் கட்டு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஃபோல்டரில் இருக்கும் கீக்களும் எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லும். பாதுகாப்பில் ஒரு மாற்றமும் இல்லை, பழைய நிலைக்கு மோசமும் இல்லை.

இதைக் கேட்டவுடன் ‘அப்படியானால் இது ஏமாற்று வேலை’ என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். கட்டில் இருப்பது ராஸ்பியனின் கீ மட்டும் என்றால் அது உங்கள் ஓஎஸ்ஸையே தரும் இடத்தின் கீ. அதை நம்பாவிட்டால் கணினியையே நம்ப முடியாது. அதை ஒரு களஞ்சியத்தோடு கட்டிப்போட்டு நீங்கள் பெறுவது கொஞ்சமே. வெளிக் களஞ்சியம் எதையும் சேர்க்காதவருக்கு இந்தக் குறுக்குவழியே போதும். செய்வதற்கு முன் கட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். என் பை 4இல் பார்த்தபோது மூன்று கீ இருந்தது. அதில் ஒன்று என்ன என்று எனக்கே நினைவில்லை. எப்போதோ சோதனைக்குப் போட்டுவிட்டு மறந்துபோன மென்பொருளுடையது.

ஒரு சின்ன கண்ணி. டிரஸ்டட்.ஜிபிஜி ஃபைல் எல்லாக் கணினியிலும் ஒரே வடிவத்தில் இருக்காது. சிலவற்றில் ‘கீபாக்ஸ்’ என்ற வடிவம் இருக்கும். அதை நகர்த்தினால் ஆதரிக்காத வகை என்று சொல்லி ஆப்ட் தள்ளிவிடும். பழைய எச்சரிக்கை போய்ப் புது எச்சரிக்கை வரும். ‘ஃபைல்’ என்ற கமாண்டிடம் கேட்டால் எந்த வடிவம் என்று சொல்லிவிடும். கீபாக்ஸ் என்றால் நகர்த்தாமல், வேண்டிய கீயை ஜிபிஜி என்ற கையெழுத்துக் கருவி மூலம் ஏற்றுமதி செய்து தனி ஃபைலாக வைக்க வேண்டும்.

அதுவே ஓர் இடைப்பட்ட வழியும்கூட. கட்டாக நகர்த்தாமல், ஒவ்வொரு கீயையும் பிரித்து, எதனுடையது என்று பெயர் வைத்து அதே ஃபோல்டரில் போடுவது. இதனால் பாதுகாப்பு அதிகமாகாது. ஆனால் ஒரு மென்பொருள் வேண்டாம் என்று ஆகும்போது அதன் கீயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஃபைலை நீக்கினால் முடிந்தது. இவ்வளவு தூரம் வந்தவர் இன்னும் ஓர் அடி வைத்து அடுத்த வழிக்கே போய்விடலாம் என்பது என் கட்சி.

அடுத்த வழி ‘சைன்ட்-பை’. கீயைப் பொது ஃபோல்டரில் வைக்காமல், ஆப்ட்டின் அமைப்பு ஃபோல்டருக்குள் ‘கீரிங்ஸ்’ என்ற தனி ஃபோல்டரில் வைப்பது. அப்புறம் களஞ்சியத்தின் வரியில் ‘இதைக் கையெழுத்திட வேண்டியது இன்ன ஃபைலில் உள்ள கீ’ என்று எழுதுவது. மாதிரிக் கையெழுத்து அட்டையை அந்தந்தக் கணக்கின் பக்கத்திலேயே குண்டூசி குத்தி வைத்த மாதிரி. தொட்டி மென்பொருளின் கீ அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும். ராஸ்பியன் பெயரில் அது கையெழுத்திட்டால் ஆப்ட் ஏற்காது. கையால் சேர்ப்பவற்றுக்கு இந்தக் கீரிங்ஸ் ஃபோல்டர். பேக்கேஜாகவே வந்து இறங்கும் கீக்களுக்கு ‘யூஎஸ்ஆர்-ஷேர்’ பக்கம் அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டாலும் வேலை செய்யும், ஒழுங்குக்காகத்தான் பிரித்திருக்கிறார்கள்.

வெளிக் களஞ்சியம் வைத்திருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு களஞ்சியத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். எனக்கு அரை நாள் ஆனது. எங்கே சறுக்கினேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு மிச்சமாகும்.

முதல் சறுக்கல் ஃபைலின் பெயர். கீ இரண்டு உருவில் வரும். ஒன்று திறந்து பார்த்தால் எழுத்தாகத் தெரியும், தொடக்கத்தில் கோடு போட்டுப் பொதுக் கீ என்று எழுதியிருக்கும். இன்னொன்று இருமம், திறந்தால் குப்பையாகத் தெரியும். எழுத்தாக இருப்பதற்கு ‘ஏஎஸ்சி’ என்றும், இருமத்துக்கு ‘ஜிபிஜி’ என்றும் பின்னொட்டு வைக்க வேண்டும். நான் எழுத்து ஃபைலுக்கு ஜிபிஜி என்று பெயர் வைத்துவிட்டேன். ஆப்ட் பெயரைப் பார்த்துத்தான் திறக்கிறது. கீயே இல்லை என்று சாதித்தது.

இரண்டாவது, அனுமதி. ஆப்ட் தரவிறக்கும்போதும் கையெழுத்தைச் சரிபார்க்கும்போதும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடுவதில்லை. முன்னால் ஓர் அடிக்கோடு போட்ட ‘ஆப்ட்’ என்ற எளிய பயனராக மாறிக்கொள்கிறது. நீங்கள் ரூட்டாக உருவாக்கிய கீ ஃபைலை அந்தப் பயனரால் படிக்க முடியாவிட்டால், கீ கண்ணெதிரே இருந்தும் இல்லை என்றுதான் பதில் வரும். எல்லோரும் படிக்கலாம் என்று அனுமதி கொடுங்கள். பொதுக் கீதானே, மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது கொஞ்சம் கொடுமை. மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்ட் தன் களஞ்சியத்தைத் தானே ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருக்கும். நீங்கள் இன்னொரு ஃபைலில் அதே களஞ்சியத்தை வேறு சைன்ட்-பையோடு எழுதுவீர்கள். இரண்டும் முரண்பட்டால் ஆப்ட் அந்தக் களஞ்சியத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகாது. பட்டியலையே படிக்க முடியவில்லை என்று ‘இ’ போட்டு மொத்தமாக நின்றுவிடும். ஒன்றை நீக்கினால் சரியாகிவிடும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு இதைப் பார்த்தால், எச்சரிக்கையே தேவலை என்று தோன்றும்.

ட்ரிக்ஸி போட்டிருப்பவர்களுக்கு வேலை இன்னும் குறைவு. ‘ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்’ என்ற கமாண்ட் பழைய ஒற்றை வரிப் பட்டியல்களைப் புதிய ‘சோர்சஸ்’ வடிவத்துக்கு மாற்றித் தரும், பழையதைப் பக்கத்திலேயே காப்புப் பிரதியாக வைக்கும். மாற்றியபின் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சைன்ட்-பையை ஏதோ கோட்டைச் சுவர் போலச் சிலர் எழுதுகிறார்கள். அது ஒரு கதவை மட்டும்தான் அடைக்கிறது. வெளிக் களஞ்சியத்திலிருந்து நீங்கள் ஒரு பேக்கேஜை நிறுவினால் அதன் நிறுவல் ஸ்கிரிப்ட் ரூட்டாகவே ஓடும், நினைத்தால் எதையும் செய்யும். தவிர, அந்தக் களஞ்சியம் ஓஎஸ்ஸிலுள்ள ஒரு பேக்கேஜின் பெயரிலேயே உயர்ந்த பதிப்பு எண்ணோடு ஒன்றை வைத்தால், ஆப்ட் அதை எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்கப் ‘பின்னிங்’ இருக்கிறது. அந்தக் களஞ்சியத்துக்கு மொத்தத்தில் குறைந்த முன்னுரிமை, வேண்டிய ஒரு பேக்கேஜுக்கு மட்டும் சாதாரண முன்னுரிமை என்று எழுதிவைப்பது. வீட்டுக் கணினிக்கு இது அதிகம் என்றே நினைக்கிறேன், செய்யவில்லை. அலுவலகப் பையில் கட்டாயம் செய்வேன்.

அதனால்தான் வெளிக் களஞ்சியத்தை எடுத்தேவிடுவது என்ற வழியை நான் மேலே வைக்கிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மென்பொருள் டெபியனிலேயே இருக்கிறதா என்பது. பெரும்பாலும் இருக்கும், ஓரிரண்டு ஆண்டு பழைய பதிப்பாக. நமக்கு வேண்டிய வேலைக்கு அது போதுமா? போதும் என்றால் வெளிக் களஞ்சியம், அதன் கீ, அதன் காலாவதித் தேதி மூன்றும் ஒரே அடியில் தீர்ந்தன. நடுவில் டெபியன் பேக்போர்ட்ஸ் என்ற படி ஒன்றும் இருக்கிறது. புதிய பதிப்பு கிடைக்கும், கீ டெபியனுடையதே. ஆனால் 32 பிட் ராஸ்பியனில் டெபியனின் பேக்போர்ட்ஸைக் கலக்காதீர்கள். முதல் பையும் பை ஜீரோவும் ஏஆர்எம்வி6 என்பதால், டெபியனுக்காகக் கம்பைல் ஆனது அங்கே ஓடாமல் விழும்.

இணையத்தில் இன்னொரு வழியும் சொல்கிறார்கள்: களஞ்சிய வரியில் ‘டிரஸ்டட் யெஸ்’ என்று எழுதிவிட்டால் ஆப்ட் கையெழுத்தே கேட்காது. வேண்டாம். அட்டையை ஒப்பிடாமலே காசு கொடுக்கச் சொல்வது இது. 2019 ஜனவரியில் ஆப்ட்டின் எச்டிடிபி பகுதியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். நடுவில் இருப்பவர் பொய்யான செக்சத்தை நுழைத்துத் தன் பேக்கேஜை ரூட்டாக நிறுவவைக்க முடிந்தது. அவசரமாகத் திருத்தம் வந்தது. சோதனையில் ஒரு ஓட்டை இருந்ததற்கே அவ்வளவு பதற்றம். இங்கே சோதனையே வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

கடைசி வழி புதிய கார்டு. ராஸ்பெரி பை இமேஜரில் 64 பிட் ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்து வேறு எஸ்டி கார்டில் எழுதி, அமைப்புகளை மாற்றிக்கொள்வது. பெரிய பதிப்பு மாறும்போது உள்ளிருந்தபடியே மேம்படுத்தாமல் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் ராஸ்பெரி பை தரப்பும் சொல்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை வரிக்காக இதைச் செய்வது கொசுவுக்குப் பயந்து வீட்டையே மாற்றுவது. ஆனால் உங்கள் பையில் இன்னும் பஸ்டர் என்ற பழைய பதிப்பு ஓடினால் கதை வேறு. டெபியனின் நீண்டகால ஆதரவு அதற்கு 2024 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த பதிப்பான புல்ஸ்ஐக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை. இவற்றில் கீயை எங்கே வைப்பது என்று யோசிப்பதைவிட ஒரு மாலை நேரத்தைக் கார்டுக்குக் கொடுக்கலாம். பழைய கார்டை அப்படியே எடுத்து வைத்திருங்கள். சொதப்பினால் திரும்பச் செருகினால் ஐந்து நிமிடத்தில் பழையபடி. லேப்டாப்பில் இந்தச் சொகுசு கிடையாது.

64 பிட்டுக்குப் போக எல்லாப் பையாலும் முடியாது. பை 3, 4, 5, ஜீரோ 2 டபிள்யூ ஆகியவை போகும். முதல் பை, ஜீரோ, ஜீரோ டபிள்யூ போகாது. பை 2இல் பிந்திய வார்ப்பு மட்டும் போகும். 1 ஜிபி உள்ள பை 3இல் 64 பிட் கொஞ்சம் கூடுதல் நினைவகம் கேட்கும். திரை இல்லாமல் ஓட்டினால் தெரியாது. டெஸ்க்டாப்பும் பிரவுசரும் திறப்பவருக்குத் தெரியும்.

கீ தவிர வேறு மூன்று நான்கு புலம்பல்களும் உண்டு, அவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிய டெபியன் வந்தவுடன், களஞ்சியம் தன் நிலையை ‘ஸ்டேபிள்’ என்பதிலிருந்து ‘ஓல்ட்ஸ்டேபிள்’ என்று மாற்றிக்கொண்டது என்று ஒன்று வரும். 2021 ஆகஸ்டில் புல்ஸ்ஐ வந்தபோது பஸ்டர் வைத்திருந்தவர்களுக்கு இது வந்தது. அப்போது ‘ஆப்ட்’ என்று கையால் தட்டினால் ஆம் இல்லை என்று கேட்டது, ஆம் சொன்னால் முடிந்தது. ஆனால் இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் ‘ஆப்ட்-கெட்’ வைத்திருந்தவர்களுக்குக் கேட்க ஆள் இல்லாமல் நின்றுவிட்டது, புதுப்பிப்பு நின்றுபோனதே தெரியவில்லை. 64 பிட் பையில் ஒரு களஞ்சியம் ஆர்ம்எச்எஃப்பை ஆதரிக்கவில்லை, தாண்டிப் போகிறேன் என்று ‘என்’ வரும். களஞ்சிய வரியில் ‘ஆர்ம்64’ மட்டும் என்று குறித்தால் அடங்கும். ட்ரிக்ஸியில் இன்னொன்று: இந்தக் கையெழுத்தை ஓராண்டுக்குள் நிராகரிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லும். பழைய எஸ்எச்ஏ1 முறையில் உறுதிசெய்த கீக்களுக்கு அது வைத்த கெடு 2026 பிப்ரவரி 1. இதற்கு நம் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. களஞ்சியக்காரர் கீயைப் புதுப்பித்திருக்கிறாரா என்று பார்த்துப் புதியதை இறக்கிக்கொள்வதுதான். அவர் புதுப்பிக்கவில்லை என்றால் அந்தக் களஞ்சியத்தை நம்பி இருப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

கடிகாரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், மின்சாரம் அடிக்கடி போகும் வீடுகளில் இது வரும். பை 5க்கு முந்தைய பைகளில் மின்கலத்தோடு ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5இல் உண்டு, மின்கலம் நாம் வாங்கிச் செருக வேண்டும். பழையவற்றில் நேரத்தை அவ்வப்போது ஒரு ஃபைலில் எழுதிவைத்து, திரும்ப எழும்போது அங்கிருந்து தொடங்குவார்கள். மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் பை மூன்று மணி நேரம் பின்தங்கி எழும். அந்தச் சமயம் புதுப்பிப்பு ஓடினால், களஞ்சியத்தின் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் இவ்வளவு மணி நேரம் ஆகும் என்று வரும். எதிர்காலத்திலிருந்து வந்த கடிதம் போல! இணையத்திலிருந்து நேரம் வாங்கியதும் தானாகவே சரியாகிவிடும், இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும்.

எனக்கு இரண்டு நிமிடத்தில் சரியாகவில்லை. அந்தப் பை 3தான் வீட்டின் டிஎன்எஸ், அதாவது இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் இடம். அந்தப் பதில்கள் போலியா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பையும் அதில் போட்டிருந்தேன். நேரம் தவறாக இருந்தால் அந்தச் சரிபார்ப்பு தோற்கும். தோற்றால் நேரம் தரும் சர்வரின் முகவரி கிடைக்காது. முகவரி கிடைக்காவிட்டால் நேரம் சரியாகாது. முட்டையும் கோழியும் என் அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தன. தீர்வுக்கு இரண்டு வழி. டிஎஸ்3231 என்ற சின்ன கடிகாரத் துணுக்கு வாங்கி ஊசிகளில் செருகலாம். அல்லது நேர சர்வரின் பெயருக்குப் பதில் ஒரு ஐபி முகவரியையும் சேர்த்து எழுதிவைக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், காசு செலவில்லை. இணையமே இல்லாத இடத்தில் பை வைப்பவருக்கு முதலாவதுதான் சரி.

என் வீட்டில் கடைசியில் எப்படி முடிந்தது என்றால், பை 3இல் ராஸ்பியனின் கீயைக் குறுக்குவழியிலேயே நகர்த்திவிட்டேன். தொட்டி மென்பொருளை எடுத்துவிட்டேன். அளவை எழுதிக் காட்ட ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதுமாக இருந்தது. வரைபடம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டில் எல்லோரும் கேட்டது மோட்டார் போடவா வேண்டாமா என்பது மட்டுமே. பை 4இல் இருந்த மூன்று வெளிக் களஞ்சியத்தில் மறந்துபோன ஒன்றை நீக்கினேன், ஒன்றுக்கு டெபியனின் பழைய பதிப்பு போதும் என்று மாறிக்கொண்டேன், மிஞ்சிய ஒன்றுக்குச் சைன்ட்-பை எழுதினேன். அந்தக் கீ எப்போது காலாவதியாகும் என்று ஜிபிஜியிடம் கேட்டு, தேதியைச் சமையலறை மாதக் காலண்டரில், கேஸ் புக் செய்த தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.